புதிய சிகராவைப் பற்றி வெண்ணந்தூர் மணியனின் கருத்து

வெண்ணந்தூர் மணியன் ஐம்பத்தொன்பது வயதுவரை கார் வாங்காமல் இருந்ததற்குக் கஞ்சத்தனம் காரணமல்ல. போக இடம் இல்லை, அவ்வளவுதான். மூன்று ஏக்கர் மரவள்ளி, அதை ஒட்டி வீடு, வீட்டை ஒட்டி மாட்டுக்கொட்டகை. மொபெட்டில் போய்ச் சேர முடியாத ஊரில் நமக்கு என்ன சோலி என்பது அவர் கட்சி.

பிறகு அவர் மனைவி வசந்தாமணியின் சிறுநீரகங்கள் இரண்டும், பேசி வைத்துக்கொண்டதுபோல, ஒரே மாதத்தில் வேலையை நிறுத்தின. செவ்வாயும் வெள்ளியும் சேலம் அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். அவளுடைய முறை பகல் பன்னிரண்டுக்கு. பன்னிரண்டரை வரை படுக்கையைக் காலியாக வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் வராந்தாவில் காத்திருக்கும் வேறு ஒருவரை ஏற்றிவிடுவார்கள். உடம்பில் சேரும் தண்ணீர் முதலில் காலில் இறங்கும், அப்புறம் நெஞ்சுக்கு ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வசந்தாமணி அதைத் தன் கால் மெட்டியை வைத்து அளந்தாள். மெட்டி விரலில் சுலபமாகச் சுற்றினால் நல்ல நாள். இறுகினால் ஆகாத நாள். சுற்றவே சுற்றாத நாளை அவள் இன்னும் பார்க்கவில்லை.

பெங்களூரில் வேலை செய்யும் மகள் நித்யஸ்ரீ கார் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். ஒரு மாதம் அவள் வேறு எதையும் படிக்கவில்லை. சின்ன எஸ்யூவி வாங்கிய ஆயிரக்கணக்கான உரிமையாளர்கள் இணையத்தில் எழுதிவைத்த கருத்துகளை மட்டும் படித்தாள். ஒரு வண்டியில் பின் சீட்டு பள்ளமாக இருந்தது. ஒன்றில் கதவு குறுகல். ஒன்றின் அடிவயிறு காட்டுத்தடத்தில் தட்டியது. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: புதிய சிகரா. அதற்கு உரிமையாளர்கள் எல்லாரும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லாத பொருளை மணியன் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் மகள் படித்தவள்.

புதிய சிகராவுக்கு முகத்தை மாற்றியிருந்தார்கள். பழைய சிகரா டிராக்டருக்குப் பங்காளி போல இருக்கும். புதியது, தூக்கத்தில் எழுப்பிவிட்ட மீன் போல எதையோ வெறித்துக்கொண்டு நின்றது. பொத்தான்களை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கண்ணாடிப் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். நெற்றியில் கம்பெனி முத்திரைக்குப் பின்னால் ஒரு கண். எதிரே தடை வந்தால் அந்தக் கண் பார்த்து, ஓட்டுபவரைக் கேட்காமலே பிரேக் போடும். இதெல்லாம் மணியனுக்குப் பெரிதாகப் படவில்லை. வசந்தாமணி முட்டியை மடக்காமல், கையை ஊன்றாமல், நாற்காலியில் உட்காருவதுபோல உள்ளே உட்கார்ந்தாள். அது போதும் என்று இருந்தது.

இரண்டாவது வாரம் மல்லூர் தாண்டி நாற்கரச் சாலையில், நூறு அடிக்கு முன்னால் வைக்கோல் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் வாலிலிருந்து நாலு துரும்பு பறந்து வந்து சிகராவின் நெற்றிக்கு எதிரே ஆடியது. சிகரா அதைச் சுவர் என்று நினைத்து நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த டேங்கர் லாரி அலறிக்கொண்டு வந்து ஒரு முழம் தள்ளி நின்றது. வசந்தாமணியின் நெற்றி முன் சீட்டில் மோதியது. கண்ணாடிப் பலகையில் பச்சை எழுத்தில், ‘ஆபத்து தவிர்க்கப்பட்டது’ என்று வந்தது.

அடுத்த முறை கோழி லாரி ஒன்றின் இறகுக்காக நின்றது. இந்த முறை நின்றதோடு விடாமல், ‘ஓட்டுநர் களைப்பாக இருக்கிறார்’ என்று எழுதிக் காட்டி, ஒரு டீ கிளாஸ் படத்தையும் போட்டுவிட்டு, நாற்பது நிமிடம் கிளம்ப மறுத்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஐம்பது. படுக்கையில் வேறு யாரோ படுத்திருந்தார். நாலு நாள் வசந்தாமணி தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தே தூங்கினாள். மெட்டி இறுகிவிட்டது.

*

சேலம் புறவழிச்சாலையில் இருந்த ஷோரூம் குளிராகவும் வாசனையாகவும் இருந்தது. நுழைந்ததும் ஒரு பலகை: ‘இங்கு கருத்துகள் மட்டும் பெறப்படும்.’ அதன் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணின் சட்டையில் ‘சத்யபிரியா, மகிழ்ச்சி ஆலோசகர்’ என்று எழுதியிருந்தது. சொந்த ஊர் ராசிபுரம் என்றாள். மணியனுக்குப் பாதி பாரம் இறங்கியது.

“ஒரு புகார் சொல்ல வந்தனுங்க அம்மணி.”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். “ஐயோ, அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்கப்பா. மேல மைக்கு இருக்குது.”

“அப்பறம் என்னன்னு சொல்றது?”

“கருத்துன்னு சொல்லுங்க.”

“வண்டி நடுரோட்டுல நிக்குதுங்கறது கருத்தா?”

“நின்னுச்சுன்னு நீங்க கருதுறீங்கல்லப்பா?”

மணியன் யோசித்துப் பார்த்தார். கருதத்தான் செய்தார்.

அவள் ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து அவர் முன் வைத்தாள். அதில் சோறு இல்லை, கேள்விகள் இருந்தன. ‘மற்ற வண்டிகளைவிடப் புதிய சிகரா எப்படி?’ என்பது முதல் கேள்வி. கீழே மூன்று விடைகள்: சிறந்தது, மிகச் சிறந்தது, ஒப்பிட முடியாதது. இரண்டாவது கேள்வி, ‘புதிய சிகராவின் முகத்தைப் பார்த்ததும் தங்கள் நெஞ்சில் தோன்றுவது?’ விடைகள்: பெருமை, பேருவகை, கண்ணீர். கண்ணீர் என்பதைத் தொட்டுவிடலாமா என்று மணியனுக்கு ஒரு கணம் கை துறுதுறுத்தது. கடைசியில் மதிப்பெண்.

“பத்து போட்டுருங்கப்பா” என்றாள் சத்யபிரியா, குரலைத் தாழ்த்தி.

“வண்டி நிக்குதேம்மா.”

“ஒம்போது போட்டாக்கூட எனக்குப் பூஜ்யமுங்க. காத்தால மீட்டிங்குல ஒம்போது வாங்குனவங்க மட்டும் நின்னுக்கிட்டே இருக்கோணும். நான் இந்த மாசம் எட்டு நாள் நின்னுட்டேன்.”

அவள் காலைப் பார்த்தார் மணியன். வீட்டில் ஒருத்தியின் காலைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. பத்து போட்டார்.

தட்டு மணியடித்தது. சத்யபிரியா படித்தாள். “‘மனநிறைவு அடைந்த உரிமையாளர். பழுது ஏதுமில்லை.’”

“பழுது இருக்குதுங்களே!”

“பத்து போட்டவங்களுக்குப் பழுது இருக்காதுங்கப்பா. சிஸ்டம் ஒத்துக்காது.”

“அப்ப ஒம்போது போட்டிருந்தா?”

“கருத்து முடியலைன்னு வரும். முடியாத கருத்துக்கு வண்டிய உள்ள எடுக்க முடியாது.”

மணியன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். “அப்ப யாரு வண்டியத்தான் அம்மணி சரி பண்ணுவீங்க?”

சத்யபிரியாவும் இதுவரை யோசிக்காத விஷயம்போலும். “நல்லா ஓடுற வண்டியத்தானுங்க” என்றாள் மெதுவாக.

இருந்தாலும் அவள் நல்ல பெண். வேறு ஒரு வழி சொன்னாள். வீடியோவில் கருத்துச் சொல்பவர்களுக்குத் தலைமை அலுவலகத்தில் முன்னுரிமை உண்டு. அதில் மனம்விட்டுப் பேசலாம். மூலையில் மலையும் மேகமும் வரைந்த சுவர் ஒன்று இருந்தது. மணியனை அதன் முன் நிற்க வைத்து, “வண்டி எப்படிங்கப்பா இருக்குது?” என்று கேட்டு ஃபோனைத் தூக்கினாள்.

இந்த இடத்தில் மணியன் செய்த தவறை அந்தப் பக்கத்து மனிதர் எவரும் செய்திருப்பார். அவர் ஊரில் யார் எதைப் பற்றி விசாரித்தாலும் முதல் வார்த்தை ‘நல்லாருக்குதுங்க’ என்பதுதான். மழையே இல்லாத வருடத்தில் வெள்ளாமையைக் கேட்டால், நல்லாருக்குதுங்க. அதற்கப்புறம்தான் கருகிப்போன கதை வரும். கேட்டவர் மனம் முதல் அடியிலேயே நொந்துவிடக் கூடாதே. டாக்டர் வசந்தாமணியின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் விசாரித்த உறவுக்காரரிடம்கூட மணியன் “நல்லாருக்குதுங்க” என்று தொடங்கித்தான் அழுதார்.

“நல்லாருக்குதுங்க” என்றார் கேமராவைப் பார்த்து. “சீட்டு ஒசரம் எங்கூட்டுக்காரிக்கு நல்ல அமைப்பு. முட்டி மடக்க வேண்டியதில்லீங்க. ஆனாப் பாருங்க…”

அதற்கப்புறம் பதினோரு நிமிடம் பேசினார். துரும்பு, இறகு, டேங்கர், படுக்கை எல்லாம் சொன்னார். தலைமை அலுவலகம் அந்த வீடியோவை ‘ஆனா’வுக்கு முன்னால் கத்தரித்து, வீணை இசை சேர்த்து, உலகத்துக்கு விட்டது.

*

முன்னுரிமை உடனே வேலை செய்தது. மறுவாரம் கம்பெனியின் வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் வீட்டுக்கே வந்து, நெற்றிக் கண்ணைத் தொடாமல், வண்டிக்குள் ‘தோழி’ என்ற ஒரு குரலை இலவசமாக ஏற்றிவிட்டுப் போனார். இனி வாயால் சொன்னால் போதும், போகும் இடத்துக்கு அதுவே வழி சொல்லும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாலையில் துரும்பு எதுவும் இல்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிகிச்சை முடிந்து வசந்தாமணி சோர்ந்துபோய்க் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். வெள்ளை உடுப்புக்காரர் சொல்லிக் கொடுத்தபடி மணியன் பணிவாகச் சொன்னார்: “தோழி, ஊட்டுக்குப் போலாம் சாமி.”

“ஊட்டிக்குப் போகிறோம்” என்றது தோழி குதூகலமாக. “ஐந்து மணி நேரம். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டீர்களா?”

“ஊட்டிக்கு இல்ல சாமி, ஊட்டுக்கு.”

“ஆமாம். ஊட்டிக்கு.”

கொங்கணாபுரம் வரைக்கும் தோழி திரும்ப விடவில்லை. மணியன் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் ‘தவறான பாதை’ என்று கத்தி, பலகையில் டீ கிளாசைக் காட்டி மிரட்டியது. வசந்தாமணி கண்ணைத் திறக்காமலே, “வேணும்னா ஒரு எட்டு பாத்துட்டே வந்தரலாங்க, கல்யாணமான புதுசுல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல” என்றாள். மணியன் சிரித்தார். சிரித்து முடித்ததும் வண்டியை ஓரங்கட்டித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே ஒரு ஃபோன் வந்தது.

“அண்ணா, மணியன் அண்ணனுங்களா? நான் சேந்தமங்கலத்துலருந்து கதிர்வேலுங்க. வாழக்கா யாபாரம். வேற வண்டிக்கு அட்வான்ஸ் குடுத்து வெச்சிருந்தனுங்க. உங்க வீடியோ பாத்தேன். எங்கம்மாளுக்கும் முட்டி வலிங்க. மொகத்தப் பாத்தா பொய் சொல்ற மொகமில்லைன்னுட்டு அத வேண்டாம்னுபோட்டு சிகரா புக் பண்ணிட்டனுங்க. எப்படீங்கண்ணா ஓடுது?”

மணியன் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

“நல்லாருக்குதுங்க. ஆனாப் பாருங்க…”

“அது போதுமுங்கண்ணா!” என்று கதிர்வேல் ஃபோனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மண்டியில் ஏலம் நடக்கிற நேரம்.

மணியன் அன்று சாப்பிடவில்லை. “ஒரு வார்த்த சொல்றதுக்கு எனக்கு இத்தன நேரமாகுது புள்ள” என்றார் மனைவியிடம். “அத்தன நேரம் யாரும் நிக்க மாட்டேங்கறாங்க.”

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்தே அழைப்பு. ஒரு ஆண் குரல் மூச்சுவிடாமல் பேசியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலை அடிவாரத்து மண்டபத்தில் ‘உரிமையாளர் கருத்துப் பெருவிழா’. மணியன்தான் சிறப்புக் கருத்தாளர்.

“வெள்ளிக்கெழம ஆகாதுங்க, ஆஸ்பத்திரி போகோணும்” என்றார் மணியன்.

குரல் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. விருந்தில் என்னென்ன பலகாரம் என்று படித்துக்கொண்டிருந்தது. இடையில் புக மணியனுக்கு வழி தெரியவில்லை. ஃபோனைச் சட்டென்று வைப்பது மரியாதை இல்லை. எனவே, யாரிடம் விடைபெற்றாலும் சொல்வதைச் சொல்லி முடித்தார்: “செரிங்க, அப்ப நான் வாரேனுங்க.”

“வருகிறேன்” என்று பதிவாகியது. ஒரு மணி நேரத்தில் அவர் படம் போட்ட அழைப்பிதழ் நித்யஸ்ரீயின் ஃபோனுக்கு வந்து சேர்ந்தது.

சத்யபிரியாவைக் கூப்பிட்டு முறையிட்டார். அவள் மெல்லச் சொன்னாள்: “வந்துருங்கப்பா. அங்க தீனதயாளன் சார் வருவாரு. மண்டலத்துக்கே மகிழ்ச்சித் தலைவர். அவரு ஒரு கையெழுத்துப் போட்டா அந்தக் கண்ணக் கழட்டிருவாங்க. பதினொரு மணிக்கு முடிஞ்சுருமுங்க. அங்கிருந்து அஸ்தம்பட்டி இருவது நிமிசம்தானே?”

மணியன் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொருந்தி வந்தது.

*

வெள்ளிக்கிழமை வசந்தாமணியையும் ஏற்றிக்கொண்டு பத்துக்கு முன்பே மண்டபத்தில் இருந்தார் மணியன். வாசலிலேயே அவர் சாவியை வாங்கிக்கொண்டு, சிகராவுக்கு மாலை போட்டு, முன்னால் வளைவு வளைவாக பலூன் கட்டிவிட்டார்கள். “நீ இப்படியே உக்காந்திரு புள்ள, வெரசா வந்தர்றேன்” என்று மனைவியைப் பின் சீட்டிலேயே விட்டு உள்ளே போனார். அவள் மெட்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணி விழா பதினொன்றுக்குத் தொடங்கியது. முதலில் புதிய உரிமையாளர்களுக்குச் சாவி கொடுத்தார்கள். கதிர்வேல் வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மேடையேறினார். அவருடைய அம்மா முத்தாயம்மாள் முன் வரிசையிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஒவ்வொரு புது வண்டியின் பின் கண்ணாடியிலும் மணியனின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். முகத்துக்குக் கீழே, ‘நல்லாருக்குதுங்க!’

மணியன் எழுந்து ஓடிப்போய்க் கதிர்வேலின் கையைப் பிடித்தார். “தம்பி, அந்த வண்டி…”

“உங்க கைராசிங்கண்ணா!” என்று கதிர்வேல் அதே கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு, டவுன் கோயிலில் பூஜை போட நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

தீனதயாளன் ஒலிபெருக்கி முன் வந்தார். கோட்டு, வழுவழுவென்ற முகம், எவர் தோளிலும் கை போடும் பழக்கம்.

“பெரியோர்களே! சென்ற ஆண்டு இந்த மண்டலத்தில் பன்னிரண்டாயிரம் புகார்கள். இந்த ஆண்டு எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை! இதை எப்படிச் சாதித்தோம்? வண்டியில் ஒரு ஆணியைக்கூட நாங்கள் மாற்றவில்லை. புகார்ப் பெட்டியை எடுத்தோம், கருத்துப் பெட்டியை வைத்தோம். அவ்வளவுதான்!”

கைதட்டல்.

“எதிரணி வண்டிக்காரர்கள் இன்னும் பிரேக்கை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சினை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் உங்கள் நம்பிக்கையை நம்புகிறோம். வண்டி பத்து வருடத்தில் தேய்ந்துவிடும், பெரியோர்களே. கருத்து தேயுமா? எனவே நாங்கள் விற்பது கருத்து. அதைப் போட்டு எடுத்துப் போக ஒரு வண்டியும் தருகிறோம்!”

பலத்த கைதட்டல். மணியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். தோளில் பொன்னாடை விழுந்தது. இந்த முறை ‘நல்லாருக்குதுங்க’ என்று தொடங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

“வண்டி நடுரோட்டுல தானா நின்னுருதுங்க” என்றார்.

தீனதயாளன் ஒலிபெருக்கியை வாங்கினார். “கேட்டீர்களா? ஓட்டுநர் கவனிக்காத ஆபத்தைக்கூட வண்டி கவனிக்கிறது!” கைதட்டல்.

“இல்லீங்க. ஆபத்தே இல்லீங்க. துரும்புக்கு நின்னுதுங்க.”

“துரும்பைக்கூடத் துச்சமாக நினைக்காத தொழில்நுட்பம்!”

“பின்னால வந்த டேங்கர் ஒரு மொழத்துல நின்னுதுங்க. இல்லீன்னா நாங்க ரெண்டு பேரும்…”

“நமது சிகரா நின்றால் டேங்கரும் நிற்கிறது! இதுதான் சாலையில் தலைமை!”

மணியன் ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்தார். “ஐயா, என்ற சம்சாரத்துக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரி தவறிப்போச்சுங்க.”

“சிகரா வந்த வீட்டில்,” தீனதயாளனின் குரல் தழுதழுத்தது, “ஆஸ்பத்திரிக்குப் போவதே மறந்துபோகிறது!”

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. வீணை இசை போட்டார்கள். பதினொன்று நாற்பது. ஓரத்தில் நின்ற சத்யபிரியா மட்டும் தட்டவில்லை. அவளும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மண்டபத்து வாசலில் வசந்தாமணி வந்து நின்றாள். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். உள்ளே இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கணவருக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொன்னாள்:

“ஏனுங்க, மணியாகுது. நீங்க இருந்து முடிச்சுட்டு வாங்க. நான் பஸ்ஸுல வாரேனுங்க.”

“வருகிறேன் என்கிறார்கள்!” தீனதயாளன் துள்ளினார். “சிறப்புக் கருத்தாளரின் துணைவியார், தாமாகவே மேடைக்கு வருகிறார்கள்!”

இரண்டு பெண்கள் ஓடிப்போய் அவளை அணைத்து அழைத்து வந்தார்கள். ஏழு படி. ஒவ்வொரு படியிலும் அவள் நின்று மூச்சு வாங்கினாள். அதைப் பணிவு என்று நினைத்து ஒவ்வொரு படிக்கும் கை தட்டினார்கள். அவளுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, வாய்க்கு நேரே ஒலிபெருக்கியை நீட்டினார் தீனதயாளன்.

“சொல்லுங்கள் அம்மா. மற்ற எல்லா வண்டிகளோடும் ஒப்பிட்டு, மனதிலிருந்து ஒரே ஒரு வார்த்தை!”

வசந்தாமணி அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். பிறகு, கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில், கடைக்குப் போகும்போதும் காட்டுக்குப் போகும்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் ஒருமுறைகூட அவள் வாயில் வராத வார்த்தையைச் சொன்னாள்.

“போறேன்.”

கைதட்டக் கைகள் எழுந்து, பாதியில் நின்றன. முன்வரிசைப் பெண் ஒருத்தி தன்னை அறியாமல் வாயைப் பொத்தினாள். அந்தப் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. திரும்பி வரப் போகிறவர்கள் சொல்வதில்லை. வீணை இசை மட்டும், நிறுத்தத் தெரியாமல், ஓடிக்கொண்டிருந்தது. தீனதயாளன் கையிலிருந்த தட்டில் எதையோ தேடினார். அந்த வார்த்தைக்கு அதில் கட்டம் இல்லை போலும்.

மணியன் பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு மனைவியின் கையைப் பிடித்து இறங்கினார்.

வாசலில் சாவியைத் திரும்ப வாங்கி முடுக்கியும் சிகரா கிளம்ப மறுத்தது. முன்னால் பலூன்கள் ஆடிக்கொண்டிருந்தன. ‘ஆபத்து தவிர்க்கப்பட்டது’ என்றது. பின்னாலேயே ஓடிவந்த சத்யபிரியா கொண்டை ஊசியால் பலூன்களைக் குத்தத் தொடங்கினாள். “நீங்க பஸ்ஸுக்குப் போங்கப்பா, போயிருங்க! இது ஒடையறதுக்குள்ள நேரமாயிரும்” என்றாள், அழுதுகொண்டே. பலூன்கள் ஒவ்வொன்றாக வெடிப்பதை, வெடி போடும் சத்தம் என்று நினைத்து மண்டபத்துக்குள் கைதட்டினார்கள்.

*

பஸ்ஸில் ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். வசந்தாமணி உட்கார்ந்ததும் குனிந்து மெட்டியைப் பிடித்தாள். மணியன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“ஏம்புள்ள அந்த வார்த்தையச் சொன்ன?”

“வேற எதச் சொன்னாலும் கை தட்டுறாங்களே.”

ஃபோன் அடித்தது. எடுத்தார். பதிவு செய்த பெண் குரல். “உரிமையாளர் கருத்துப் பெருவிழா பற்றித் தங்கள் கருத்து என்ன? மணி ஓசைக்குப் பிறகு கூறவும்.”

மணியன் வாயைத் திறந்தார். நாக்கின் நுனிக்கு அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது. இறுக்கி மூடிக்கொண்டார். ஒரு எழுத்துகூட வெளியே விடுவதில்லை என்று உதட்டைக் கையால் பொத்திக்கொண்டார்.

நிறுத்தத்தில் ஆள் இறங்கியதும் கண்டக்டர் தகரத்தில் தட்டினார். “போலாம் ரைட்!”

“‘ரைட்’” என்றது ஃபோன். “நன்றி. பத்துக்குப் பத்து.”

கோரிமேட்டைத் தாண்டி பஸ் நின்றது. இறங்க யாரும் இல்லாத இடம். முன்னால் வரிசையாக லாரி, வேன், ஆட்டோ. எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“எவனோ புது வண்டிக்காரன் நட்ட நடு ரோட்டுல நிறுத்திட்டு நிக்கறான். கரும்புத் தோகை பறந்துச்சாம். கேட்டா, டீ குடிக்கச் சொல்லுதுங்கறான்.”

மணியன் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். தூரத்தில், வெயிலில், மாலை போட்ட வெள்ளைச் சிகரா. பக்கத்தில் கதிர்வேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே முத்தாயம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பின் கண்ணாடியிலிருந்து, ரோட்டில் மாட்டிக்கொண்ட அத்தனை பேரையும் பார்த்து மணியன் சிரித்துக்கொண்டிருந்தார்.

மணி பன்னிரண்டு ஏழு. ஆஸ்பத்திரிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.

“எறங்குங்க” என்றாள் வசந்தாமணி.

“நடக்க முடியாது புள்ள. மெட்டி…”

“சுத்தலீங்க” என்றாள். “எறங்குங்க.”

ரோட்டு ஓரமாக நடந்தார்கள். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். சிகராவை நெருங்கியபோது கதிர்வேல் அவர்களைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் மணியனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தப்பாக எதையாவது தொட்டுவிட்டோமோ என்ற பயம்தான் இருந்தது.

“அண்ணா, நல்ல வேளை வந்தீங்க! இது எதனாலீங்கண்ணா நின்னுருச்சு? உங்குளுது இப்படி ஆயிருக்குதுங்களா?”

நின்று சொல்ல நேரமில்லை. நடந்துகொண்டே, வாழ்க்கையில் முதல் முறையாக, முன்னுரை இல்லாமல் சொன்னார் மணியன்.

“நல்லால்லீங்க!”

கதிர்வேலுக்குக் காதில் விழவில்லை. பின்னால் பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, “என்னங்கண்ணா?” என்று கேட்டார்.

மணியன் திரும்பினார். வசந்தாமணியின் கை அவர் தோளைத் தட்டியது. அவள் நிற்கவில்லை.

“நல்லால்லீங்க!” என்று கத்திக்கொண்டே போனார் மணியன். “நல்லால்லீங்க! நல்லால்லீங்க!”